கழன்று வந்ததை முதலில் திருப்பிப் பாருங்கள்: பல் சீமெந்தும் பொண்டும் பிடிக்காதபோது

சில வருடங்களுக்கு முன் மூதூரிலிருந்து என் பல் கிளினிக்குக்கு ஓர் அம்மா வந்தார். கையில் சுருட்டிய டிசுத் தாள், அதற்குள் ஒரு சிர்கோனியா கிரவுன், அதாவது பல்லின் மேல் போடும் செராமிக் உறை. "மகன், இது மூணாந்தரமும் கழண்டு போச்சு. பஸ்சுக்குக் குடுத்த காசே பெரிசு" என்றார். முதல் இரண்டு தடவையும் ஒட்டியது நான்தான். இரண்டாம் தடவை இன்னும் விலைகூடிய சீமெந்து வாங்கி ஒட்டினேன். மூன்றாம் தடவைதான் கிரவுனைத் திருப்பி உள்ளே பார்த்தேன். லேப்பிலிருந்து அன்று வந்ததுபோல் வெறுமையாக இருந்தது. சீமெந்து முழுவதும் பல்லில் அப்படியே இருந்தது. பிழை சீமெந்தில் இல்லை. போட்டுப் பார்த்தபின் கிரவுனின் உள்பக்கத்தை நான் கழுவிய விதத்தில் இருந்தது.

அன்றிலிருந்து கழன்று வரும் எதையும் திருப்பிப் பார்க்காமல் சுத்தம் செய்வதில்லை. மூதூர், வெருகல், குச்சவெளியிலிருந்து வருகிறவர்கள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வருகிறார்கள். அவர்களை அதே பல்லுக்காக நாலாம் தடவை வரவைக்கக் கூடாது. புதிதாகக் கிளினிக் நடத்தும் தம்பி தங்கைகளுக்கும், பக்கத்தில் நின்று சீமெந்து கலக்கும் உதவியாளர்களுக்கும் இதை எழுதுகிறேன். வேதியியலைப் பேராதனையில் படித்திருப்பீர்கள். இங்கே அறிகுறி, காரணம், சோதனை மட்டும்தான். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும்.

முதல் இரண்டு நிமிடம்: இரண்டு பக்கத்தையும் படியுங்கள்

ஸ்கேலரை (சுரண்டும் கருவி) கையில் எடுக்க வேண்டாம். கழன்ற துண்டையும் பல்லையும் காற்றால் உலர்த்தி, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கைபேசியில் இரண்டுக்கும் ஒவ்வொரு படம் எடுத்து வையுங்கள். சுத்தம் செய்துவிட்டால் சாட்சி போய்விடும்.

சீமெந்து பல்லில் இருக்கிறது, கிரவுனின் உள்ளே வெறுமை என்றால் அறிகுறி 1.

சீமெந்து கிரவுனுக்குள் இருக்கிறது, பல் வெறுமை என்றால் அறிகுறி 2.

இரண்டிலும் பாதி பாதி, சீமெந்தே நடுவால் பிளந்திருக்கிறது என்றால் அறிகுறி 3.

கிரவுனுக்குள் பல்லின் துண்டு இருக்கிறது என்றால் ஒட்டு நன்றாகவே பிடித்திருக்கிறது, உடைந்தது பல்தான். நேராகக் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

இன்னொன்று, மணம். உள்ளே கறுத்து, மெத்தென்று, நாறினால் அது நேற்றுக் கழன்றதல்ல. ஓரம் பல மாதமாகக் கசிந்து, கடைசியில் விழுந்திருக்கிறது. ஒட்டுவதற்கு முன் சொத்தையைத் தேடுங்கள், எக்ஸ்றே எடுங்கள்.

அறிகுறி 1: சீமெந்து பல்லில், கிரவுனின் உள்ளே வெறுமை

பல்லோடு நீங்கள் செய்த வேலை சரி. கிரவுனின் உள்பக்கம்தான் தயாராகவில்லை. அடுத்த கேள்வி ஒன்றே ஒன்று: கிரவுன் எதனால் ஆனது? லேப் சீட்டைப் பாருங்கள். சீட்டு இல்லாவிட்டால் லேப்புக்கு ஒரு அழைப்பு எடுங்கள். ஊகித்து ஒட்ட வேண்டாம், ஏனென்றால் ஒன்றுக்கு மருந்தானது மற்றதற்கு நஞ்சு.

1அ. சிர்கோனியா என்றால்

முதற்காரணம் எச்சில். கிரவுனைப் போட்டுப் பார்க்கும்போது எச்சிலில் உள்ள பொஸ்பேட்டு சிர்கோனியாவில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரால் கழுவினால் போகாது. ஸ்பிரிட்டாலும் முழுதாகப் போகாது. பொஸ்பொரிக் அமிலத்தால் கழுவினால் இன்னும் மோசம், அதுவே பொஸ்பேட்டைக் கொண்டுவந்து இடத்தைப் பிடித்துவிடுகிறது. பிறகு நீங்கள் பூசும் பிரைமருக்கு (சீமெந்துக்கு முன் பூசும் பிணைப்புத் திரவம்) உட்கார இடமில்லை. மூதூர் அம்மாவின் கிரவுனில் நான் செய்தது இதைத்தான். கண்ணாடி செராமிக்குக்குச் சரியான பழக்கத்தைச் சிர்கோனியாவுக்கும் கொண்டுபோனேன்.

என்ன செய்வது: போட்டுப் பார்க்கும் வேலைகளை எல்லாம் முதலில் முடித்துவிடுங்கள். அப்புறம் கிரவுனின் உள்பக்கத்தை 50 மைக்ரோன் அலுமினா தூளால், 1 முதல் 2 பார் அழுத்தத்தில், ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, 10 முதல் 15 செக்கன் வரை ஊதுங்கள். அழுத்தத்தைக் கூட்டினால் பிடிப்பும் கூடும் என்று நினைக்க வேண்டாம், கிரவுனில் நுண்விரிசல்தான் கூடும். ஊதியபின் 10-எம்டிபி (சிர்கோனியாவைப் பிடிக்கும் பொஸ்பேட்டுச் சேர்வை) உள்ள பிரைமரைப் பூசி உலர்த்துங்கள். அதன்பின் உள்பக்கத்தை விரல் தொடக் கூடாது, கையுறையும் தொடக் கூடாது.

சாண்ட்பிளாஸ்டர் இல்லையா? சிர்கோனியாவுக்கென்றே விற்கும் சுத்திகரிப்புப் பசை இருக்கிறது, சிறு போத்தலே நெடுநாள் வரும். லேப்பில் ஊதித்தான் அனுப்புகிறார்கள் என்பார்கள். ஊதியிருக்கலாம், ஆனால் அதன்பின் நீங்கள் வாயில் வைத்துப் பார்த்துவிட்டீர்கள். பசை வேண்டியது அதற்காகத்தான்.

ஹைட்ரோபுளோரிக் அமிலம் சிர்கோனியாவில் ஒன்றும் செய்யாது. அதில் அரிப்பதற்குக் கண்ணாடி இல்லை. சைலேன் (கண்ணாடி செராமிக்குக்கான பிணைப்புத் திரவம்) மட்டும் பூசினாலும் பயனில்லை. இந்த இரண்டையும் செய்துவிட்டு "செராமிக்குக்குச் செய்யவேண்டியதெல்லாம் செய்தேன்" என்று சொல்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

1ஆ. லித்தியம் டைசிலிக்கேட்டு அல்லது வேறு கண்ணாடி செராமிக் என்றால்

இதற்கு வழி தலைகீழ். அலுமினாவால் ஊதக் கூடாது, வலு குறையும். 5 வீத ஹைட்ரோபுளோரிக் அமிலம் லித்தியம் டைசிலிக்கேட்டுக்கு 20 செக்கன் போதும். பெல்ஸ்பதிக் போர்சலின் என்றால் நேரம் கூடும், போத்தலோடு வரும் தாளைப் பாருங்கள். கழுவியபின் வெள்ளையாகத் தூள் படிந்திருந்தால் அது உப்பு, அதன்மேல் எதுவும் பிடிக்காது. இங்கே பொஸ்பொரிக் அமிலத்தால் தேய்த்துக் கழுவலாம். பிறகு சைலேன் பூசி, ஒரு நிமிடம் விட்டு, உலர்த்துங்கள்.

சைலேன் போத்தலைச் சந்தேகியுங்கள். தெளிவாக இருக்க வேண்டியது கலங்கி, பால் கலந்ததுபோல் இருந்தால் கெட்டுவிட்டது. திறந்த திகதியைப் போத்தலில் எழுதி வைக்கும் பழக்கம் இருந்தால் இந்தச் சந்தேகமே வராது.

ஹைட்ரோபுளோரிக் அமிலத்தை வாய்க்குள் பாவிக்க வேண்டாம். சிறு துளி தோலில் பட்டாலும் வலி உடனே தெரியாமல் உள்ளே இறங்கும். கல்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் இடத்தில் இல்லாத கிளினிக்கில் அந்த அமிலமே இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அப்படியானால் லேப்பிலேயே அரித்து அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் போட்டுப் பார்த்தபின் பொஸ்பொரிக் அமிலத்தால் கழுவி, சைலேன் பூசினால் போதும்.

1இ. உலோகம் என்றால்

உள்ளே ஊதி, கழுவி, உலர்த்தி, கண்ணாடி அயனோமர் சீமெந்தால் ஒட்டுங்கள். மறுபடியும் கழன்றால் குற்றம் பெரும்பாலும் பல்லின் வடிவத்தில். அறிகுறி 3இல் வடிவம் பற்றிய பகுதியைப் பாருங்கள்.

அறிகுறி 2: சீமெந்து கிரவுனுக்குள், பல் வெறுமை

இங்கே காரணங்கள் பல. மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

தற்காலிக சீமெந்து எது? கிராம்பு எண்ணெய் மணம் வந்தால் அதில் யூஜினோல் இருக்கிறது. யூஜினோல் ரெசின் (பிளாஸ்டிக் வகைப் பொருள்) இறுகுவதைத் தடுக்கும். பல்லைப் பியூமிஸ் தூளும் தண்ணீரும் வைத்துத் தேயுங்கள். எண்ணெயோ புளோரைட்டோ கலந்த பொலிஷிங் பேஸ்ட் வேண்டாம். அடுத்த தடவைக்கு யூஜினோல் இல்லாத தற்காலிக சீமெந்தை வாங்குங்கள், விலை வித்தியாசம் பெரிதல்ல.

இரத்தமோ எச்சிலோ பட்டதா? பொண்ட் (பல்லையும் ரெசினையும் பிணைக்கும் திரவம்) பூசுவதற்கு முன் பட்டால் கழுவி மறுபடி எட்ச் செய்யுங்கள், அதாவது அமிலத்தால் அரியுங்கள். பொண்ட் பூசியபின் பட்டால் துடைத்துவிட்டுத் தொடர வேண்டாம், முதலிலிருந்து ஆரம்பியுங்கள். முரசில் இரத்தத்தை நிறுத்த வைத்த மருந்தும் டென்டினில் (வெளி ஓடான எனாமலுக்கு உள்ளே இருக்கும் அடுக்கு) படிந்து பிடிப்பைக் குறைக்கும். அதையும் கழுவ வேண்டும்.

வெற்றிலை போடுபவரா? நம் ஊரில் இதைக் கேட்காமல் விடக் கூடாது. சுண்ணாம்பும் காவியும் படிந்த எனாமலின் மேல் அமிலம் வைத்தால் அமிலம் அந்தப் படிவோடு மல்லுக்கட்டிவிட்டு ஓய்ந்துவிடும், எனாமலைத் தொடாது. பியூமிஸ் கொண்டு பல்லின் சொந்த நிறம் தெரியும்வரை தேயுங்கள்.

எனாமலில் பழுப்புத் திட்டுகளா? ஹொரவப்பொத்தானை, கெப்பித்திகொல்லாவைப் பக்கமிருந்து வருகிறவர்களில் புளோரோசிஸ் (புளோரைட்டு மிகுந்த நீரால் எனாமலில் வரும் மாற்றம்) அடிக்கடி தெரியும். உலர் வலயத்துக் கிணற்று நீரில் வளர்ந்த பற்கள் அவை. மேல்தோல் அமிலத்துக்கு எளிதில் இடங்கொடாது. டைமண்ட் பர்ரால் மேலாக ஒரு தடவை தடவிவிட்டு, எட்ச் நேரத்தை வழமையைவிட இரட்டிப்பாக்குங்கள். எனாமலுக்கு மட்டும்தான்.

பல் வெளுக்க மருந்து வைத்தாரா? வெளுத்து இரண்டு வாரமாவது ஆகாமல் பொண்டிங் வேலை செய்ய வேண்டாம். பல்லுக்குள் தங்கிய ஒட்சிசன் ரெசினை இறுக விடாது. கலியாணத்துக்கு முன் அவசரமாக வருகிறவர்களிடம் இதை நேராகச் சொல்லிவிடுங்கள்.

நரம்புச் சிகிச்சை முடித்த பல்லா? கடைசியாகக் கழுவியது சோடியம் ஹைப்போகுளோரைட்டு என்றால் அதுவும் ஒட்சிசன் விடயம்தான். அதன்பின் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். முடிந்தால் 10 வீத சோடியம் அஸ்கோர்பேட்டால் கழுவுங்கள்.

டென்டினை எவ்வளவு நேரம் எட்ச் செய்தீர்கள்? 35 முதல் 37 வீத பொஸ்பொரிக் அமிலம் என்றால் டென்டினுக்கு 15 செக்கன், அதற்கு மேல் வேண்டாம். எனாமலுக்கு 15 முதல் 30 செக்கன். டென்டினில் அமிலம் ஆழமாகப் போய், பொண்ட் அந்த ஆழத்துக்கு இறங்காவிட்டால், அடியில் ஒரு வெறும் அடுக்கு மிஞ்சும். அது சில மாதங்களில் கிழியும்.

கழுவியபின் எவ்வளவு உலர்த்தினீர்கள்? எட்ச் செய்த டென்டினைச் சுண்ணாம்புபோல் காயவைத்தால் உள்ளே இருக்கும் கொலாஜன் சரிந்து மூடிவிடும். பஞ்சால் ஒற்றி, மினுங்கும் ஈரம் விடுங்கள். குளமாகத் தண்ணீர் நிற்கவும் கூடாது.

சீமெந்து தானே ஒட்டும் வகையா? அப்படியானால் டென்டினைப் பொஸ்பொரிக் அமிலத்தால் எட்ச் செய்ய வேண்டாம். அதிகம் செய்தால் நல்லது என்ற நினைப்பில் செய்யும் இந்த ஒரு வேலை பிடிப்பைக் குறைக்கிறது. ஓரத்து எனாமலில் மட்டும் வைக்கலாம்.

கடைசியாக, பொண்டும் சீமெந்தும் ஒரே கொம்பனியா? ஒற்றைப் போத்தல் பொண்டின் அமிலத்தன்மை, லைட் இல்லாமல் தானே இறுகும் ரெசின் சீமெந்தின் வேலையைக் கெடுக்கலாம். சில பொண்டுகளுக்குத் தனியான ஊக்கி போத்தல் உண்டு. தாளில் அது எழுதியிருக்கும். போத்தலைப் பிரித்தவுடன் தாளை வீசுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். என் அலுமாரிக் கதவின் உள்பக்கம் முழுவதும் அந்தத் தாள்கள்தான் ஒட்டியிருக்கின்றன.

அறிகுறி 3: சீமெந்து நடுவால் பிளந்து, இரு பக்கமும் பாதி பாதி

இங்கே சீமெந்தையே விசாரிக்க வேண்டும்.

காலாவதித் திகதி. பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

கலவை. தூளுக்கு ஒரு கரண்டி, திரவத்துக்கு ஒரு துளி என்றால் அது அந்தப் போத்தலின் கரண்டி. வேறு பெட்டியின் கரண்டி அல்ல. திரவப் போத்தலை நேர்குத்தாகக் கவிழ்த்துப் பிடிக்காவிட்டால் துளியோடு காற்றுக்குமிழி வரும், துளி சிறுக்கும். துளி சிறுத்தால் தூள் கூடிவிடும்.

வெயில். கச்சான் வீசும் மாதங்களில், கரண்ட் போய் ஏசி நின்ற பின்னேரம் கண்ணாடி அயனோமர் கையிலேயே இறுகத் தொடங்கும். கிரவுனைப் போடும்போது கலவையில் மினுக்கம் இருக்க வேண்டும். மினுக்கம் போய் மங்கினால் அது பல்லோடு பிடிக்கும் நேரம் கடந்துவிட்டது. வெளியே எடுத்து வீசிவிட்டுப் புதிதாகக் கலவுங்கள். ஒரு கரண்டி தூளை மிச்சம்பிடிக்கப் போய் ஒரு கிரவுனை இழக்க வேண்டாம்.

ஸிங்க் பொஸ்பேட்டு பாவிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கண்ணாடிப் பலகையைக் குளிர வைப்பது சரிதான். ஆனால் நம் ஊர்க் காற்றில் கடலே கரைந்திருக்கிறது. பிரிட்ஜிலிருந்து எடுத்த பலகை ஒரு நிமிடத்தில் வியர்க்கும். அந்தத் தண்ணீர் கலவையில் சேர்ந்தால் சீமெந்து சீக்கிரம் இறுகும், வலுவும் குறையும். பலகையில் விரலால் கோடு போட்டுப் பாருங்கள். கோடு விழுந்தால் துடைத்து, வியர்வை நிற்கும்வரை பொறுங்கள்.

கடி உயரமா? கிரவுன் இருக்கும் இடத்தில் கடி பார்க்கும் நிறத் தாள் வைத்துக் கடிக்கவும், பக்கவாட்டில் அரைக்கவும் சொல்லுங்கள். ஒரே இடத்தில் கடும் புள்ளி வந்தால் அது ஒவ்வொரு நாளும் கிரவுனை நெம்புகிறது.

கடைசியாகப் பல்லின் வடிவம். இதை யாரும் தன் வேலையில் பார்க்க விரும்புவதில்லை. அளவுகோலை வையுங்கள். முன்பல்லுக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர், கடைவாய்ப்பல்லுக்கு 4 மில்லிமீட்டர் உயரமாவது எஞ்சியிருக்க வேண்டும். பக்கங்கள் கூம்புபோல் அதிகம் சரிந்திருந்தால் எந்தச் சீமெந்தும் நெடுநாள் நிற்காது. ஸிங்க் பொஸ்பேட்டுக்குப் பல்லோடு வேதிப் பிணைப்பே இல்லை, அது வெறும் இடைநிரப்பி. கண்ணாடி அயனோமருக்குப் பிணைப்பு உண்டு, ஆனால் ஒற்றை இலக்க மெகாபாஸ்கல் அளவில்தான். எட்ச் செய்த எனாமலில் நல்ல ரெசின் 20 மெகாபாஸ்கலைத் தாண்டும். இதனால்தான் குட்டையான பல்லில் ரெசின் சீமெந்து கொஞ்சம் காப்பாற்றும். ஆனால் அந்தப் பல்லில் எனாமல் எஞ்சியிருக்க வேண்டும், ஈரத்தையும் நீங்கள் அடக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பக்கத்தில் பள்ளக்கோடு வெட்டி, புது அளவெடுத்து, புதுக் கிரவுன். செலவை நோயாளியிடம் முதலே சொல்லுங்கள்.

அறிகுறி 4: நோயாளி தானே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறார்

கிண்ணியாவில் ஒரு மீனவ அண்ணன், கடலுக்குப் போகும் நேரம் கழன்ற கிரவுனைக் கடையில் வாங்கிய சுப்பர் குளூவால் ஒட்டிவிட்டு, மூன்று வாரம் கழித்து முரசு வீங்கி வந்தார். கிரவுன் சரியாக உட்காராமல் ஒரு பக்கம் தூக்கியிருந்தது, கீழே முழுவதும் அழுக்கு. அவரைத் திட்டிப் பயனில்லை. நடுக்கடலில் வேறு என்ன செய்வார்?

கிரவுனை மெதுவாக எடுத்து, பசையை முழுதாகச் சுரண்டி, உள்ளே ஊதி, சொத்தையைப் பார்த்துவிட்டு ஒட்டலாம். இழுத்தும் வராவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். போகும்போது சொல்லி அனுப்புங்கள்: கழன்றால் கிரவுனைக் கழுவி சிறு டப்பாவில் வைத்திருக்கவும், அந்தப் பக்கம் கடிக்க வேண்டாம், இரவில் போட்டுக்கொண்டு தூங்க வேண்டாம், விழுங்கிவிடுவீர்கள்.

அறிகுறி 5: முரசோரத்து அடைப்புகள் மட்டும் விழுகின்றன

பல்லின் கழுத்தில் தேய்ந்த பள்ளம், கொம்பசிட் (பல் நிற ரெசின் அடைப்பு) வைத்தீர்கள், சில மாதத்தில் முழுசாக வந்துவிட்டது. பள்ளத்தின் தரையைப் பாருங்கள். மஞ்சளாக, கண்ணாடிபோல் மினுங்கினால் அது இறுகிப்போன டென்டின். அதில் பொண்ட் இறங்காது. ரவுண்ட் பர்ரால் மினுக்கம் போகும்வரை மேலாகத் தேயுங்கள், ஓரத்து எனாமலைச் சாய்த்து வெட்டுங்கள், பொண்டைச் சும்மா பூசாமல் 20 செக்கன் தேய்த்துப் பூசுங்கள்.

முரசிலிருந்து நீர் கசிகிறதா? முரசை ஒதுக்கும் நூலை உள்ளே செருகுங்கள். அதற்கும் அடங்காத இடமென்றால் கொம்பசிட்டைக் கைவிட்டு ரெசின் கலந்த கண்ணாடி அயனோமரை வையுங்கள். அழகு கொஞ்சம் குறையும், ஆனால் நிற்கும்.

இரண்டாம் தடவையும் விழுந்தால் கடியைப் பாருங்கள், இரவில் பல் நறநறக்கிறாரா என்று வீட்டாரிடம் கேளுங்கள்.

அறிகுறி 6: புதிதாக அடைத்த பல் கடிக்கும்போது சுளீரென்கிறது

முதலில் கடி பார்க்கும் தாளை வைத்துப் பாருங்கள். அநேகமாக உயரம்தான், இரண்டு நிமிட வேலை.

உயரம் சரி, ஆனாலும் கடித்த கடியை விடும்போது சுளீரென்கிறது என்றால் அடைப்புக்கடியில் இடைவெளி, அல்லது பல்லில் விரிசல். ஒவ்வொரு முனையாகக் கடிக்க வைத்துப் பாருங்கள். ஒரே முனையில் மட்டும் என்றால் விரிசலைச் சந்தேகியுங்கள். பொதுவாக வலி என்றால் அடைப்பை எடுத்து, டென்டினைக் காயவைக்காமல் பொண்ட் செய்து, 2 மில்லிமீட்டருக்கு மேற்படாத அடுக்குகளாக வையுங்கள். கொம்பசிட் இறுகும்போது சுருங்கும். ஒரே குவியலாக வைத்தால் அந்தச் சுருக்கம் பொண்டைத் தரையிலிருந்து பிய்க்கும்.

கடிக்காமலே, இரவில், தானாக வலிக்கிறது என்றால் ஒட்டும் விடயம் முடிந்துவிட்டது. நரம்பைப் பாருங்கள்.

அறிகுறி 7: பிள்ளைகளின் கண்ணாடி அயனோமர் அடைப்பு தூளாக உதிர்கிறது

பாடசாலைப் பிள்ளைகளில் அதிகம் காண்பது. காரணம் பெரும்பாலும் முதல் நாள். வைத்தவுடன் எச்சில் பட்டால் மேல்தோல் மெத்தென்றாகும், காய்ந்தால் வெடிக்கும். வைத்தவுடன் வார்னிஷோ வாஸ்லினோ பூசுங்கள். ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிட வேண்டாம், அன்று முழுக்கக் கடினமானதைக் கடிக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பள்ளத்தைப் பொலிஅக்ரிலிக் அமிலத்தால் துடைத்துக் கழுவாமல் வைத்தீர்களா என்பதையும் யோசியுங்கள். தூள் போத்தலின் மூடி திறந்தே கிடந்து ஈரம் குடித்திருந்தால் முழுப் போத்தலும் வீண்.

அறிகுறி 8: ஒரே கிழமையில் எல்லாமே விழுகிறது

இதுதான் என்னை அதிகம் தூங்கவிடாத அறிகுறி. வெவ்வேறு நோயாளிகள், வெவ்வேறு பற்கள், ஒரே மாதிரி தோல்வி என்றால் பற்களை விட்டுவிடுங்கள். கிளினிக்கைப் பரிசோதியுங்கள்.

8அ. காற்று

மூன்று வழி சிரிஞ்சிலிருந்து காற்றை மட்டும் ஒரு கண்ணாடியில் 10 செக்கன் ஊதுங்கள். நீர்ப்பொட்டுகள் தெரிகின்றனவா? பிறகு ஒரு வெள்ளைத் தாளில் ஊதுங்கள். காய்ந்தபின்னும் வட்டம் மிஞ்சினால் அது எண்ணெய். வாடைக்காற்று மாதங்களில் கொம்பிரசர் தாங்கியில் தண்ணீர் சீக்கிரம் சேர்கிறது. நீங்கள் பல்லை உலர்த்துவதாக நினைத்து ஒவ்வொரு தடவையும் அதே தண்ணீரைத் தெளிக்கிறீர்கள். ஒவ்வொரு நாள் காலையிலும் தாங்கியின் அடித் திருகைத் திறந்து வடியுங்கள். வடித்தும் வந்தால் வடிகட்டியை மாற்றுங்கள். எண்ணெய் வந்தால் அது உங்கள் வேலை அல்ல, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை பொண்டிங் வேலையை நிறுத்தி வையுங்கள்.

8ஆ. லைட்

ரெசினை இறுக்கும் நீல லைட்டின் முனையைப் பாருங்கள். இறுகிய கொம்பசிட் ஒட்டியிருக்கிறதா, கண்ணாடி வெடித்திருக்கிறதா? ஒட்டியதைச் சுரண்டினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்த நாட்கள் உண்டு. மின்கலம் முழுதாக ஏறியிருக்கிறதா?

ரேடியோமீட்டர் (லைட்டின் வலுவை அளக்கும் கருவி) இருந்தால் அளவெடுங்கள். கொம்பசிட்டுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 16 முதல் 24 ஜூல் அளவு ஒளி வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. லைட் சதுர சென்டிமீட்டருக்கு 1000 மில்லிவாட் தந்தால் 20 செக்கனில் 20 ஜூல் சேரும். அதே லைட் பழசாகி 400க்கு இறங்கினால் அதே 20 ஜூலுக்கு 50 செக்கன் வேண்டும். நீங்களோ இன்னும் 20 செக்கன்தான் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். நீலம் கண்ணுக்கு அதே நீலமாகத்தான் தெரியும், கண்ணை நம்ப வேண்டாம்.

மீட்டர் இல்லையா? ஒளி ஊடுருவாத சிறு குழாயில் கொம்பசிட்டை நிரப்பி, ஒரு முனையிலிருந்து 20 செக்கன் பிடியுங்கள். வெளியே தள்ளி, அடியில் இறுகாத மெத்தைப் பகுதியைப் பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி எடுத்து, எஞ்சியதை அளந்து, பாதியாக்குங்கள். அதுதான் உங்கள் லைட் நம்பகமாக இறுக்கும் ஆழம். 2 மில்லிமீட்டர் வராவிட்டால் லைட்டை மாற்றும் காலம் வந்துவிட்டது.

பிடிக்கும் கையும் முக்கியம். பிடிக்கும்போது மறுபக்கம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தால் முனை நகர்ந்துவிடும். ஆரஞ்சுக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பல்லையே பார்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.

8இ. போத்தல்களும் பிரிட்ஜும்

நீண்ட மின்வெட்டு வந்ததா? பிரிட்ஜுக்குள் ஒரு வெப்பமானி வையுங்கள், 2 முதல் 8 பாகை செல்சியஸ். அசிட்டோன் கலந்த பொண்ட் என்றால் மூடி திறந்திருந்த நேரமெல்லாம் ஆவியாகிக் கெட்டியாகும். பஞ்சில் விட்டுப் பாருங்கள், தேன்போல் இழுபட்டால் வீசுங்கள். துளியைக் கிண்ணத்தில் விட்டுவிட்டு நோயாளியோடு கதைத்துக்கொண்டிருந்தாலும் அதே கதிதான். பூசும் நேரத்தில் விடுங்கள்.

பிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் திறக்க வேண்டாம். நம் காற்றில் போத்தல் வாயிலேயே தண்ணீர் படியும். காலையில் அன்றைய போத்தல்களை வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் நான் கதவைத் திறக்கிறேன்.

8ஈ. வாயின் ஈரம்

மேலே மூன்றும் சரி என்றால் எஞ்சியிருப்பது இது. திறந்த வாய்க்குள் ஈரப்பதன் எப்போதும் உச்சத்தில். ரப்பர் டாம் (பல்லை மட்டும் வெளியே விட்டு மற்றதை மறைக்கும் ரப்பர் விரிப்பு) போடுங்கள். நேரம் இல்லை, நோயாளிக்குப் பிடிக்காது என்பார்கள். கட்டிப் பழகினால் 3 நிமிடம். மூக்கடைப்பு உள்ளவருக்கு முடியாது, அவருக்குப் பஞ்சுருளும் நல்ல உறிஞ்சியும், ஈரம் தாங்கும் பொருளும். மற்றவர்களுக்கு மறுக்க நியாயமில்லை.

சின்னதாக இரண்டு

வேரில் வைத்த போஸ்ட்டோடு (கிரவுனைத் தாங்கும் தண்டு) கிரவுன் வந்தால், முரசுக்கு மேல் சுற்றிவர 1.5 முதல் 2 மில்லிமீட்டர் நல்ல பல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கால்வாயைச் சுத்தம் செய்து மறுபடி ஒட்டலாம். இல்லாவிட்டால் ஒட்டிப் பயனில்லை.

இரண்டு பக்க இறக்கையுள்ள ஒட்டுப் பாலத்தில் ஒன்று மட்டும் கழன்றால் நோயாளிக்குத் தெரியவே தெரியாது, பாலம் ஆடாது. அதற்குள் கழன்ற பக்கத்தில் சொத்தை பெருகும். சந்தேகம் வந்தால் தண்ணீர் விட்டு அழுத்திப் பாருங்கள், குமிழி வந்தால் முழுப் பாலத்தையும் எடுத்துவிட்டு ஒட்டுங்கள்.

எப்போது கையை எடுக்க வேண்டும்

காரணத்தைக் கண்டு, திருத்தி, ஒட்டியும் அதே பல் இன்னொரு தடவை கழன்றால் நிறுத்துங்கள். மூன்றாவது தடவைக்கு உங்களிடம் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை.

கிரவுனுக்குள் பல்லின் துண்டு வந்தால், வேரில் விரிசல் சந்தேகமென்றால், ஒரு பக்கத்தில் மட்டும் ஆழமான முரசுப் பை இருந்தால், பல் முரசுக்குக் கீழே உடைந்திருந்தால், ரெஸ்டரேட்டிவ் (பல் மீளமைப்பு) நிபுணரிடம் அனுப்புங்கள். முரசை இறக்கிப் பல்லை உயர்த்துவதா, பல்லை எடுத்துவிடுவதா என்பது அவர் பார்த்து முடிவெடுக்க வேண்டியது. நான்கைந்து பற்களில் ஒன்றாகக் கழன்றால் கடி முழுவதையும் பார்க்க வேண்டும், அதுவும் அவர் வேலை. முகம் வீங்கி, காய்ச்சலோடு, வாய் திறக்க முடியாமல் வந்தால் ஒட்டும் பேச்சே வேண்டாம், அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு.

அனுப்பும் கடிதத்தில் நான்கு விடயம் எழுதுங்கள்: கிரவுன் எதனால் ஆனது, எந்தச் சீமெந்து, எந்தத் திகதிகளில் கழன்றது, ஒவ்வொரு தடவையும் சீமெந்து எந்தப் பக்கம் இருந்தது. முதலில் எடுத்த படங்களை நோயாளியின் கைபேசிக்கும் அனுப்பிவிடுங்கள். கிரவுனைச் சுத்தம் செய்யாமல், கழன்ற நிலையிலேயே சிறு டப்பாவில் போட்டு, மேலே பல்லின் இலக்கத்தை எழுதி அவர் கையில் கொடுங்கள்.